ஒரு வரி தப்பினால் நின்றுபோகும் கம்ப்யூட்டர் - எஃப்எஸ்டேப்பின் கதை

"பி.காம் படிக்கிறவனுக்கு லினக்ஸ் எதுக்கு மக்கா?" என்று என்னைக் கேட்காதவர்கள் எங்கள் வகுப்பில் குறைவு. அவர்களுக்கெல்லாம் சேர்த்து இந்தக் கட்டுரை. இதில் கணக்குப்பதிவியலும் வரும், பயப்படாமல் படிக்கலாம் :-)

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. அக்கா கல்யாணமாகிப் போனபிறகு அது என் கைக்கு வந்தது. அதன் வயசுக்குப் புது விண்டோஸ் ஓடாது என்பதால் நானே டெபியன் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் செயலாளர். குழுவின் சந்தா, உள்கடன், வட்டி, வங்கித் தவணை எல்லாம் லிப்ரேஆபீஸில் நான்தான் போட்டுக் கொடுக்கிறேன். நோட்டிலும் இருக்கிறது, ஆனால் கடைசி நாலு மாசக் கணக்கை நோட்டில் ஏற்றவில்லை. தப்பு என்னுடையது.

போன மாதம் ஒரு நண்பனிடம் இருந்து யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்று இரவல் வாங்கினேன். தினமும் அதைக் கையால் இணைக்கச் சோம்பல்பட்டு, தானாக இணையும்படி ஒரு கோப்பில் ஒரு வரி எழுதி வைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அவன் வந்து டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போனான். நான் அந்த வரியை மறந்தே போனேன்.

ஞாயிறு காலை லேப்டாப்பைப் போட்டால் கறுப்புத் திரை. ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறேன் என்று ஒன்றரை நிமிடம் ஓட்டியது. அப்புறம் 'எமர்ஜென்சி மோட்' என்று சொல்லி நின்றுவிட்டது. மறுநாள் காலை குழுக் கூட்டம், வங்கிக்கு விவரம் கொடுக்கவேண்டும். பதறிப்போய் நாகர்கோவிலில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஓஎஸ் போயிட்டு. பார்மட் அடிச்சாதான் சரியாவும்" என்றார். டேட்டா? "அது போவத்தான் செய்யும்."

வீட்டுக்குத் திரும்பினால் அம்மா வாசலிலேயே நிற்கிறாள். "மக்களே, கணக்கு போச்சா?"

போகவில்லை. அன்று ராத்திரி செல்போனில் தேடிப் படித்து, அந்த வரியின் முன்னால் ஒரே ஒரு '#' குறி போட்டேன். லேப்டாப் எழுந்துவிட்டது. கணக்கில் ஒரு பைசா குறையவில்லை.

ஆனால் ஒரு கேள்வி மனசில் நின்றுவிட்டது. இரவல் டிஸ்க் ஒன்று இல்லை என்பதற்காக முழுக் கம்ப்யூட்டரும் ஏன் நிற்கவேண்டும்? அதைத் தேடிப்போனபோது ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட ஒரு சரித்திரம் கிடைத்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரே மரம், பல ஒட்டுகள்

விண்டோஸில் ஒவ்வொரு டிஸ்க் பகுதிக்கும் ஒரு எழுத்து. சி, டி, இ என்று தனித்தனி வீடு மாதிரி. யூனிக்ஸிலும் லினக்ஸிலும் அப்படி இல்லை. எல்லாக் கோப்புகளும் ஒரே மரம். அதன் அடிவேருக்கு 'ரூட்' என்றே பெயர். புதிதாக ஒரு டிஸ்க் வந்தால் அந்த மரத்தின் ஏதாவது ஒரு கிளையில் அதை ஒட்டவைக்க வேண்டும். நம் பக்கத்தில் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறார்களே, அதே வேலைதான். இதற்குத்தான் 'மவுண்ட்' என்று பெயர்.

ஏன் மவுண்ட்? அந்தக் காலத்தில் டிஸ்க்கும் டேப்பும் ஆள் தூக்கி வைக்கும் சாமான்கள். டேப் சுருளை எடுத்து மெஷினில் மாட்டுவதுதான் நிஜமான மவுண்ட். யூனிக்ஸ் 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் கையில் பிறந்தது. 1971-ல் வந்த முதல் கையேட்டிலேயே மவுண்ட் கட்டளை இருக்கிறது. 1974-ல் இருவரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலும் கழற்றி மாட்டக்கூடிய டிஸ்க்கை மரத்தோடு சேர்ப்பது எப்படி என்று விளக்கியிருக்கிறார்கள்.

அப்போதைய டிஸ்க்குகளின் கொள்ளளவு சில மெகாபைட்தான். இன்றைக்கு நாம் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதற்குள் அடங்காது. ஒரு டிஸ்க் நிறைந்ததும் இரண்டாவது டிஸ்க்கை 'யூஎஸ்ஆர்' என்ற கிளையில் ஒட்டினார்கள். அங்கேதான் முதல் சிக்கல். மவுண்ட் என்ற கட்டளையே இரண்டாவது டிஸ்க்கில் இருந்தால், அந்த டிஸ்க்கை யார் மவுண்ட் செய்வது? பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. ஆகவே, மெஷின் எழுந்திருக்கத் தேவையானதெல்லாம் முதல் டிஸ்க்கிலேயே இருக்கவேண்டும் என்று விதி வந்தது.

அப்போது எந்த டிஸ்க்கை எங்கே ஒட்டுவது என்ற பட்டியல் தனியாக இல்லை. மெஷின் துவங்கும்போது ஓடும் சின்ன நிரல் ஒன்றிலேயே மவுண்ட் கட்டளைகளை நேரடியாக எழுதி வைத்தார்கள். 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் வரைக்கும் அப்படித்தான்.

1980: பட்டியல் பிறந்தது

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸை எடுத்து மாணவர்களும் ஆசிரியர்களும் மேம்படுத்தி வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு பிஎஸ்டி என்று பெயர். 1980-ல் வந்த 4.0பிஎஸ்டியில் 'எஃப்எஸ்டேப்' என்ற கோப்பு தோன்றியது. ஃபைல் சிஸ்டம் டேபிள் என்பதன் சுருக்கம். ஈடிசி என்ற அடைவுக்குள் இருக்கும் சாதாரண எழுத்துக் கோப்பு. அன்றைக்குத் தகவல்களை முக்காற்புள்ளி போட்டுப் பிரித்தார்கள். பிற்பாடு இடைவெளி விட்டுப் பிரிக்கும் வழக்கம் வந்தது.

இன்றைக்கு லினக்ஸில் ஒரு வரிக்கு ஆறு கட்டம்:

முதல் கட்டம், எந்த டிஸ்க்.
இரண்டாவது, மரத்தில் எந்த இடம்.
மூன்றாவது, என்ன வகைக் கோப்பு முறைமை (எக்ஸ்ட்4, என்டிஎஃப்எஸ் போல).
நான்காவது, நிபந்தனைகள்.
ஐந்தாவது, 'டம்ப்' என்ற பழைய பேக்கப் கட்டளைக்கான எண். இன்று பெரும்பாலும் 0.
ஆறாவது, துவங்கும்போது பிழை சரிபார்க்கும் வரிசை. ரூட்டுக்கு 1, மற்றவைக்கு 2, வேண்டாம் என்றால் 0.

நம் பேரேட்டில் தேதி, விவரம், பக்க எண், தொகை என்று கட்டம் போடுகிறோமே, கிட்டத்தட்ட அதேதான். ஒரே வித்தியாசம், நம் பேரேட்டில் கட்டம் மாறிப்போனால் வாத்தியார் சிவப்பு மை போடுவார். இங்கே மெஷின் படுத்துவிடும்.

எல்லா யூனிக்ஸும் இதே பெயரை வைத்துக்கொள்ளவில்லை. சோலாரிஸில் 'விஎஃப்எஸ்டேப்', ஏஐஎக்ஸில் 'ஃபைல்சிஸ்டம்ஸ்' என்று பெயர் மாறியது. லினக்ஸ் 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸால் தொடங்கப்பட்டு வளர்ந்தபோது பிஎஸ்டியின் பெயரையே எடுத்துக்கொண்டது. நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்திய அந்தக் கோப்புதான் இன்றும் என் லேப்டாப்பில் இருக்கிறது.

குறிப்பேடு எழுதத் தெரிந்த டிஸ்க்

1993-ல் வந்த எக்ஸ்ட்2 கோப்பு முறைமைக்குக் கரண்ட் கட் என்றால் பெரும் பயம். திடீரென்று மின்சாரம் போனால், அடுத்த முறை துவங்கும்போது டிஸ்க் முழுவதையும் சோதிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது 'எஃப்எஸ்சிகே' என்ற நிரல். பெரிய டிஸ்க் என்றால் டீ குடித்துவிட்டு வரலாம். அதனால் சரிசெய்ய முடியாத பிழை என்றால் ரூட் பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிடும்.

2001 நவம்பரில் எக்ஸ்ட்3 லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. இதன் சிறப்பு ஜர்னலிங். ஆம், நாம் படிக்கிற அதே ஜர்னல்தான், குறிப்பேடு! டிஸ்க்கில் எதையும் மாற்றுவதற்கு முன் 'இன்ன மாற்றம் செய்யப்போகிறேன்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். பிறகுதான் பேரேட்டில் எடுத்தெழுதும். பாதியில் கரண்ட் போனால் குறிப்பேட்டைப் பார்த்து மீதியை முடித்துவிடும். முழு டிஸ்க்கையும் துழாவ வேண்டாம். 2008 டிசம்பரில் எக்ஸ்ட்4 வந்தது. மழைக்காலத்தில் நம் ஊரில் கரண்ட் எப்படிப் போகும் வரும் என்று தெரியும்தானே. இந்தக் குறிப்பேடு இல்லாவிட்டால் அம்மாவின் கணக்கு என்றைக்கோ போயிருக்கும்.

2007: நம்பர் பிளேட் மாறிய வருடம்

லினக்ஸ் துவங்காமல் போன பல பழைய புலம்பல்களுக்குக் காரணம் டிஸ்க்கின் பெயர். முன்பெல்லாம் ஐடிஇ வகை டிஸ்க்குக்கு 'எச்டிஏ' என்றும், ஸ்கசி வகை டிஸ்க்குக்கு 'எஸ்டிஏ' என்றும் பெயர். எஃப்எஸ்டேப்பின் முதல் கட்டத்தில் இந்தப் பெயரையே எழுதிவைப்பார்கள்.

2006-07 காலத்தில் கெர்னலில் 'லிப்ஏடிஏ' என்ற புதிய டிரைவர் தொகுப்பு பழைய ஐடிஇ டிஸ்க்குகளையும் கவனிக்க ஆரம்பித்தது. அதன் கணக்கில் எல்லா டிஸ்க்கும் 'எஸ்டி'தான். 2007 மே மாதம் வந்த ஃபெடோரா 7 இந்த வழிக்கு மாறியது. பழைய மெஷினை அப்படியே மேம்படுத்தியவர்களுக்கு என்ன ஆகும்? டிஸ்க் அதேதான், உள்ளே டேட்டா அதேதான். ஆனால் எஃப்எஸ்டேப்பில் 'எச்டிஏ' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயரில் இப்போது யாருமே இல்லை. துவக்கம் நின்றுவிடும்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். திருவனந்தபுரத்தில் இருந்து பழைய பைக் ஒன்று வாங்குகிறீர்கள். நம்பர் பிளேட்டில் கேஎல் 01. இங்கே கொண்டுவந்து மார்த்தாண்டத்தில் மறுபதிவு செய்தால் டிஎன் 75. வண்டி அதேதான், நம்பர் வேறு. கேஎல் நம்பரை வைத்துத் தேடுகிறவனுக்கு வண்டி கிடைக்காது. ஆனால் சேசிஸ் நம்பர்? அது மாறாது.

டிஸ்க் பகுதிகளுக்கும் அப்படி ஒரு சேசிஸ் நம்பர் உண்டு. அதுதான் யூயூஐடி. 128 பிட் நீளம். 32 இலக்கங்களை நான்கு சிறு கோடுகளால் பிரித்து எழுதுவார்கள். 2006 அக்டோபரில் வந்த உபுண்டு 6.10-லேயே எஃப்எஸ்டேப்பில் இந்த எண்ணை எழுதும் வழக்கம் வந்துவிட்டது. டிஸ்க்கை எந்தத் துளையில் மாட்டினாலும், பெயர் என்னவாக மாறினாலும் பிரச்சினை இல்லை. இன்று இதுதான் பொது வழக்கம்.

ஆனால் இதிலும் ஒரு கண்ணி. ஒரு பகுதியை பார்மட் அடித்தால் புது யூயூஐடி பிறக்கும். வண்டியையே மாற்றிவிட்ட மாதிரி. ஸ்வாப் பகுதியை மறுபடி உருவாக்கினாலும் அப்படியே. எஃப்எஸ்டேப்பில் பழைய எண் கிடக்கும். 'ஒண்ணுமே செய்யல, சும்மா ஒரு பார்ட்டிஷனை அழிச்சேன்' என்று சொல்கிறவர்களின் மெஷின் இப்படித்தான் நிற்கிறது.

நம் ஊருக்கு லினக்ஸ் வந்த கதை

இதே காலத்தில்தான் லினக்ஸ் தமிழ்நாட்டு அரசு வட்டாரத்துக்குள் வந்தது. 2005-ல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னையில் தொடங்கப்பட்டது. குரோம்பேட்டையில் உள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் அதன் பங்காளிகள். அதன் பலனாக 2007-ல் டெபியனை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸ் வெளிவந்தது. அதே காலகட்டத்தில் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அங்கிருந்த கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். எல்லை தாண்டினால் கேரளத்தில் ஐடி@ஸ்கூல் திட்டத்தின் வழியாக அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் வேரூன்றிக்கொண்டிருந்தது.

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. கம்ப்யூட்டரையே முதன்முதலாகத் தொட்ட வீடுகளுக்கு லினக்ஸும் அன்றே வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் எங்கள் தெருவில் அதைத் திறந்து பார்த்தவர்களைக் காணோம். "அந்த ரெண்டாவதா வாறத எடுத்துருடே" என்றுதான் சொல்வார்கள். மெஷினைக் கொடுத்தார்கள், மென்பொருளையும் கொடுத்தார்கள். ஆனால் நின்றுபோனால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க ஊருக்கு ஒரு ஆள் இல்லை. அதனால்தான் கடையில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து: பார்மட்.

2015: காத்திருந்து நிற்கும் காலம்

இப்போது என் முதல் கேள்விக்கு வருகிறேன்.

பழைய லினக்ஸ்களில் முக்கியமில்லாத ஒரு டிஸ்க் கிடைக்காவிட்டால், ஒரு பிழைச் செய்தியை எழுதிவிட்டு மெஷின் அதுபாட்டுக்கு எழுந்துவிடும். உபுண்டு 10.04 காலத்தில் 'காத்திருக்கவா, எஸ் அழுத்தித் தாண்டிப் போகவா' என்று கேட்டது. பிறகு 2010-ல் சிஸ்டம்டி என்ற புதிய துவக்க நிர்வாகி அறிவிக்கப்பட்டது. 2011-ல் ஃபெடோரா 15 அதற்கு மாறியது. 2015 ஏப்ரலில் டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டும் மாறின. சிஸ்டம்டி எஃப்எஸ்டேப்பைப் படித்து, அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் கட்டாயம் என்று எடுத்துக்கொள்ளும். டிஸ்க்குக்காக 90 நொடி காத்திருக்கும். வராவிட்டால் எமர்ஜென்சி மோட்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எவ்வளவு பிடிவாதம்! யோசித்தபோது ஒரு விஷயம் உறைத்தது.

டிஸ்க் இல்லாமலே மெஷின் எழுந்துவிட்டது என்று வையுங்கள். டிஸ்க்கை ஒட்டவேண்டிய கிளை அங்கே வெறும் அடைவாக இருக்கும். தினமும் அந்த இடத்தில் பேக்கப் எழுதும் நிரலுக்கு இது தெரியாது. வெறும் அடைவிலேயே எழுதிக்கொண்டிருக்கும். நீங்களோ பேக்கப் தனி டிஸ்க்கில் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பீர்கள். ஒருநாள் உள் டிஸ்க் பழுதானால் கணக்கும் போச்சு, பேக்கப்பும் போச்சு.

நாம் இருப்பாய்வு தயாரிக்கும்போது இரண்டு பக்கமும் சமமாகாவிட்டால் என்ன செய்கிறோம்? வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு மேலே போகலாம். வேலை நடக்கும், ஆனால் பிழை உள்ளேயே உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால், 'பிழையைக் கண்டுபிடிக்காமல் ஏட்டை மூடமாட்டேன்' என்று உட்காரலாம். பழைய முறை முதல் வகை. சிஸ்டம்டி இரண்டாவது வகை. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. எந்த வரிக்கு எது வேண்டும் என்று சொல்லும் உரிமை நமக்கும் இருக்கிறது. நான்காவது கட்டத்தில் 'நோஃபெயில்' என்று எழுதினால், அந்த டிஸ்க் இல்லாவிட்டாலும் துவங்கு என்று அர்த்தம். இரவல் டிஸ்க்குக்கு நான் எழுதியிருக்க வேண்டிய ஒரே சொல் அதுதான்.

நின்றுபோனால் என்ன செய்யலாம்?

சரித்திரம் போதும், வேலைக்கு உதவுகிற மாதிரி நாலு வார்த்தை.

1. பார்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். எமர்ஜென்சி மோட் வந்தாலே கெர்னல் உயிரோடு இருக்கிறது, பெரும்பாலும் டேட்டாவும் இருக்கிறது என்று பொருள்.

2. ரூட் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போங்கள். எஃப்எஸ்டேப்பை நானோ எடிட்டரில் திறந்து, சந்தேகமான வரியின் தொடக்கத்தில் '#' போடுங்கள். அந்த வரி வெறும் குறிப்பாகிவிடும். சேமிக்க முடியாவிட்டால் ரூட் பகுதி 'படிக்க மட்டும்' நிலையில் இருக்கலாம். அதை எழுதும் நிலைக்கு மறுபடி மவுண்ட் செய்துவிட்டுச் சேமியுங்கள்.

3. ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்று வந்தால், லினக்ஸ் லைவ் பென்டிரைவ் போட்டுத் துவக்கி, உள் டிஸ்க்கை அதிலிருந்து திறந்து அதே திருத்தத்தைச் செய்யலாம்.

4. 'பிஎல்கேஐடி' என்ற கட்டளை எல்லாப் பகுதிகளின் யூயூஐடியையும் காட்டும். அதையும் எஃப்எஸ்டேப்பையும் ஒத்துப் பாருங்கள். வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடுகிற மாதிரிதான்.

5. எஃப்எஸ்டேப்பை மாற்றியதும் உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். 'மவுண்ட்' கட்டளையோடு கழித்தல் குறியும் 'ஏ'யும் சேர்த்துக் கொடுத்தால், இன்னும் ஒட்டாதவற்றை அப்போதே ஒட்டிப் பார்க்கும். பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

6. அடைவின் பெயரில் இடைவெளி இருந்தால் எஃப்எஸ்டேப் அதை அடுத்த கட்டம் என்று நினைத்துவிடும். இடைவெளிக்குப் பதிலாகப் பின்சாய்வுக் கோடும் 040-ம் எழுதவேண்டும்.

7. விண்டோஸும் சேர்ந்திருக்கும் மெஷினில், விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி அதன் பகுதியை முழுசாக மூடாமல் உறங்கவைத்துவிடும். அப்போது லினக்ஸ் அதில் எழுத மறுக்கும். விண்டோஸில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

திங்கட்கிழமை கூட்டத்துக்கு அம்மா கணக்கை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்து, "எல்லாம் சரியா இருந்து மக்களே. ஆனா இனி நோட்டுலயும் எழுதி வை" என்றாள். நாற்பத்தைந்து வருடத் தொழில்நுட்பச் சரித்திரத்துக்கு இதைவிட நல்ல முடிவுரை எனக்குத் தெரியவில்லை. அந்த நாலு மாசக் கணக்கை அன்றைக்கே நோட்டில் ஏற்றிவிட்டேன். எஃப்எஸ்டேப்பில் அந்தப் பழைய வரியை மட்டும் அழிக்கவில்லை. முன்னால் '#' போட்டபடி அப்படியே இருக்கிறது, ஒரு ஞாபகத்துக்கு.